மேல்கோட்டையில் ஒரு மார்கழிக் காலை

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மேல்கோட்டையின் பெயரைக் கேள்விப்படாதவர் அரியர். ஆயினும் நம்மவரில் பெரும்பாலோர் அவ்வூரை அறிந்திருப்பது இரண்டு காரணங்களால்தான். ஒன்று, பங்குனி மாதத்தில் நடைபெறும் வைரமுடி சேவை; மற்றொன்று, புளியோதரை. திருவிழா இரவில் சென்று, கூட்டத்தில் நெரிபட்டு, தொன்னையில் புளியோதரை வாங்கி உண்டு, விடிவதற்குள் வீடு திரும்பிவிடுகிறோம். அவ்வூரின் வீதிகளில் ஒரு காலைப் பொழுது முழுவதும் அமைதியாக நடந்து பார்த்தவர் சிலரே. அங்ஙனம் நடந்து பார்ப்போமாயின், வேற்று மொழி வழங்கும் நாட்டில் குடியேறிப் பிள்ளைகளை வளர்க்கும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று அங்கே இருப்பது புலனாகும். அதனைச் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மேல்கோட்டை, மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மாண்டியா மாவட்டத்துப் பாண்டவபுரம் வட்டத்தில் இருக்கிறது. கன்னடத்தில் மேலுகோட்டே என்பர். திருநாராயணபுரம், யாதவகிரி என்பன அதன் பழம் பெயர்கள். ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு எவ்வூருக்கும் இருப்புப்பாதை வழியாகவே செல்லவேண்டும் என்னும் ஆசை உண்டு. மேல்கோட்டைக்கோ இருப்புப்பாதை இல்லை. 1882ஆம் ஆண்டில் மைசூரை எட்டிய பெங்களூர்ப் பாதையில், ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்து வரும் பாண்டவபுரம் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் மலையேறவேண்டும். ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் துணையாக வந்த பிரெஞ்சுப் படையினர் தங்கியிருந்த இடமாதலால், அவ்வூரைப் பிரெஞ்சு ராக்ஸ் என்றே முன்பு அழைத்து வந்தனர். பழைய ரயில்வே ஏடுகளிலும் அப்பெயரைக் காணலாம்.

சென்ற மார்கழியில் ஒரு சனிக்கிழமை மாலை, என் மனைவியும் ஒன்பது வயது மகளும் உடன்வர அவ்வாறே புறப்பட்டேன். ஊரை விடியற்காலையில் பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம். ஆகவே இரவு அங்கே ஒரு சத்திரத்தில் தங்கினோம்.

என் மகளைப் பற்றி ஈண்டு ஒரு வார்த்தை. அவள் கன்னடமும் ஆங்கிலமும் கற்பிக்கும் பள்ளியில் படிக்கிறாள். கன்னடத்தைத் தடையின்றிப் படிப்பாள். வீட்டில் தமிழ் பேசுவாள். ஆயின் தமிழ் எழுத்து அவளுக்கு வாராது. நம் சங்கத்துப் பிள்ளைகளில் பலரும் இந்நிலையில்தான் இருக்கின்றனர் என்பதை அன்பர்கள் அறிவார்கள். 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மைசூர் ரயில்வேயும் சென்னைப் பக்கத்து ரயில்வேக்கள் இரண்டும் இணைந்து தென்னக ரயில்வே உருவாயிற்று. அதன் பிறகு பொன்மலையிலிருந்து மாற்றலாகி மைசூருக்கு வந்தவர் என் பாட்டனார். வாரந்தோறும் தமிழ்ப் பத்திரிகை வாங்கி, அட்டை முதல் அட்டை வரை படித்து முடிப்பார். என் தந்தையார் செய்தித்தாள் அளவில் படித்தார். நான் படிப்பேன், எழுதுவேன். என் மகளுக்குக் காதும் வாயும் மட்டுமே தமிழ். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில், நான்கு தலைமுறையில், இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேல்கோட்டையைப் பார்த்தால்தான் அவ்வூரின் அருமை விளங்கும்.

ஐந்து மணிக்கு எழுந்து வெளியே வந்தோம். மலையூர் ஆதலால் குளிர் கடுமையாக இருந்தது. பனி மூடிய தெருவில் விளக்குகள் மங்கலாக எரிந்தன. வாசல் தெளித்துக் கோலமிட்டுக் கொண்டிருந்த பெண்கள் இரண்டொருவரைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. திண்ணை வைத்த ஓட்டு வீடுகளும், மரத்தூண்களும், குறுகிய சந்துகளும் நம் காவிரிக் கரை அக்கிரகாரங்களை நினைவூட்டின. கடைப் பலகைகளும் அறிவிப்புகளும் கன்னடத்தில் இருந்தன. என் மகள் அவற்றை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள்.

செலுவநாராயணர் கோயிலை நெருங்கியபோது உள்ளிருந்து பலர் சேர்ந்து ஓதும் ஒலி கேட்டது. கன்னட நாட்டில் தனுர்மாதம் என்று வழங்கும் மார்கழியில், விடியற்காலையில் அங்கே திருப்பாவை ஓதுகிறார்கள். ஆண்டாள் அருளிய முப்பது பாசுரங்களும், ஒரு சொல்லும் மாறாமல், தமிழில். தெருவில் நின்ற பால்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்க, பாத்திரத்தோடு வந்த அம்மையார் கன்னடத்தில் விடை கூறிவிட்டு, வீட்டுக்குள் திரும்பித் தமிழில் யாரையோ அழைத்தார். "அப்பா, இந்த ஊரில் எல்லோருக்கும் தமிழ் தெரியுமா?" என்று என் மகள் கேட்டாள். எல்லோருக்கும் தெரியாது; ஆனால் தெரிந்தவர்கள் தொள்ளாயிரம் ஆண்டுகளாக மறக்கவில்லை என்று சொன்னேன்.

அந்தத் தொள்ளாயிரம் ஆண்டுக் கதையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர், சோழ மன்னன் ஒருவனுடைய பகைமையால் ஸ்ரீரங்கத்தை விட்டு நீங்கி, மேற்கே போசள நாட்டை அடைந்தார் என்பது வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு. அக்காலத்தில் அந்நாட்டை ஆண்டவன் பிட்டிதேவன் என்னும் விஷ்ணுவர்த்தனன். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மன்னன் இவன். பாண்டவபுரத்தை அடுத்த தொண்டனூரிலும், பின்னர் மேல்கோட்டையிலும் இராமாநுசர் தங்கினார். காடு மண்டிக் கிடந்த இடத்தில் கோயிலை எழுப்பித்தார். வழிபாட்டு முறைகளை வகுத்தார். நெற்றியில் இடும் திருமண் இம்மலையில் கிடைக்கிறது. அதனைத் தேடியே அவர் இங்கு வந்தார் என்றும் சொல்வதுண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் இந்நாட்டில் இருந்தார் என்பது மரபு.

அவர் ஸ்ரீரங்கம் திரும்பப் புறப்பட்டபோது இவ்வூர் அடியார்கள் பிரிவாற்றாது வருந்தினர். அவர்களுக்காகத் தம் உருவச்சிலை ஒன்றைச் செய்வித்து வைத்துவிட்டுச் சென்றார் என்பர். 'தமர் உகந்த திருமேனி' என்று அதற்குப் பெயர். தம்மவர் விரும்பிய உருவம் என்பது பொருள். கோயில் காரியங்களை நடத்துவதற்கு ஐம்பத்திரண்டு பேரை நியமித்தார் என்றும், அவர்கள் ஐம்பத்திருவர் எனப்பட்டனர் என்றும் கூறுவர். தாழ்த்தப்பட்டவர்களாகக் கருதப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு அழைத்து, ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள் அவர்கள் கோயிலுக்குள் வந்து வழிபட வழி செய்தார். சில நாட்கள் மட்டுந்தானா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும் நாட்டின் பெரும்பாலான கோயில்கள் அவர்களுக்குத் திறக்க 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது என்பதையும் உடன் நினைக்கவேண்டும்.

இவ்வூரோடு தொடர்புடைய குடியினர் மண்டயம் ஐயங்கார்கள் எனப்படுவர். மைசூர் நாட்டில் ஹெப்பார் ஐயங்கார்கள் என்னும் மற்றொரு பிரிவினரும் உளர். இரு சாராரும் கன்னட நாட்டிலேயே பிறந்து வளர்ந்தும், வீட்டில் பேசுவது தமிழே. அத்தமிழில் கன்னடச் சொற்கள் பல கலந்திருக்கும். ஆயினும் ரசத்தைச் சாற்றமுது என்றும், பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றும், சமையலைத் தளிகை என்றும் கூறும் வழக்கை அவர்கள் விடவில்லை. பிற தமிழ் வீடுகள் பலவற்றில் கேட்கவியலாத சொற்கள் இவை.

இக்குடியினரின் வாழ்வு எக்காலமும் அமைதியாகக் கழியவில்லை. மண்டயம் குடும்பங்கள் பலவற்றில் நரக சதுர்த்தசியன்று தீபாவளி கொண்டாடும் வழக்கம் இல்லை. திப்பு சுல்தான் காலத்தில் அந்நாளில் தம் முன்னோர் பலர் கொல்லப்பட்டனர் என்பது அக்குடும்பங்களில் வழிவழியாக வரும் செய்தி. எவ்வளவு பேர், எவ்விடத்தில் என்பன பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. துக்கம் மட்டும் வீடுகளில் இன்றும் அனுசரிக்கப்படுகிறது.

கோயிலில் தரிசனம் முடித்துக் கல்யாணி தீர்த்தத்துக்கு வந்தோம். நாற்புறமும் கற்படிகளும் தூண் மண்டபங்களும் சூழ்ந்த பெரிய குளம். நம்மவர் பலர் இக்குளத்தைத் திரைப்படங்களில் பார்த்திருப்பர். ஆனால் எவ்வூர் என்று அறிந்திரார். பொழுது புலர்ந்து பனி விலக, நீரில் யோக நரசிம்மர் மலையின் நிழல் மெல்லத் தெரிந்தது. நீராடி முடித்த முதியவர் ஒருவர் மண்டபத்துப் படியில் அமர்ந்து, சிறு புத்தகம் ஒன்றை மடியில் வைத்து, தாழ்ந்த குரலில் ஓதிக் கொண்டிருந்தார். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு வருவதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கேர்ந்து வரேள்?" என்று கேட்டார்.

மைசூர் என்றும், ரயில்வேயில் பணி என்றும், பூர்வீகம் திருச்சிப் பக்கம் என்றும் சொன்னேன்.

"உட்காருங்கோ. நீங்கள் பேசுறது ஊர்த் தமிழ். எங்களது ஆத்துத் தமிழ். ஆத்துக்கு வெளியிலே போனால் கன்னடந்தான்" என்று சிரித்தார். அகத்துத் தமிழ், அதாவது வீட்டுத் தமிழ் என்பது பொருள்.

இதற்குள் என் மகள் அவர் மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டாள். "தாத்தா, இது கன்னடப் புஸ்தகமா?" என்றாள். எழுத்துக் கன்னடம்; பாட்டுத் தமிழ் என்று அவர் கூறிப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். கன்னட எழுத்தில் அச்சான திருப்பாவை அது. இந்நாட்டு வைணவர்களில் தமிழ் எழுத்து அறியாதவர் மிகுதி ஆதலால், நாலாயிர திவ்வியப் பிரபந்தமும் கன்னட எழுத்தில் அச்சிடப்பட்டு வழங்கி வருகிறது.

தமிழ் எழுத்து அறியாத என் மகள், முதற் பாசுரத்தைக் கன்னட எழுத்தில் பார்த்து ஒவ்வொரு சொல்லாகப் படிக்கத் தொடங்கினாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. தான் வீட்டில் பேசும் சொற்கள் அச்சில் இருப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். தொடக்கத்திலேயே மாதத்தின் பெயர் வருகிறது. அதனை 'மார்களி' என்று படித்தாள். முதியவர் கையமர்த்தினார். "அப்படி இல்லை அம்மா. நாக்கை உள்ளே மடித்துச் சொல்லு. மார்கழி" என்றார். அவள் மறுபடியும் 'மார்களி' என்றாள். அவர் பொறுமையாக மூன்று முறை, நான்கு முறை சொல்லிக் காட்டினார். ஐந்தாம் முறை சரியாக வந்தது. அதன் பிறகே அடுத்த சொல்லுக்குப் போகவிட்டார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ழகரம் தமிழுக்கு மட்டுமே உரியது என்று மேடைகளில் பேசக் கேட்கிறோம். அது முற்றும் உண்மையன்று. மலையாளத்தில் அவ்வொலி இன்றும் இருக்கிறது. பழங்கன்னடத்திலும் ழகரத்துக்குத் தனி எழுத்து இருந்தது, காலப்போக்கில் வழக்கொழிந்தது. இன்று பள்ளியில் பயிற்றும் கன்னட நெடுங்கணக்கில் அவ்வெழுத்து இல்லை. ஆகவே, அதனை அறியாத குழந்தை ளகரமாகவே படிக்கும். பள்ளி எழுத்தில் இல்லாத அவ்வொலி இம்மலையூரில் மறையாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒரு பெரியவர் ஒரு குழந்தையைக் கையமர்த்தி, 'அப்படி இல்லை' என்று சொல்லித் திருத்தி வந்திருப்பதுதான்.

"எங்களுக்குத் தமிழ் எழுத்துப் போய்விட்டது. ஆனால் வாயைக் காப்பாற்றிக்கொண்டோம். இனி அதுவும் நிற்குமோ என்னமோ! என் பேரன் அமெரிக்காவில் இருக்கிறான். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு சொல்கிறான். வாரம் ஒரு நாள் தொலைபேசியில் கேட்டுத் திருத்துகிறேன்" என்றார் முதியவர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆயினும் அந்த வாரம் ஒரு நாளை அவர் தவறவிடுவதில்லை என்பதும் தெரிந்தது.

விடைபெற்று மலையேறினோம். சில நூறு கற்படிகள். வயதானவர்களும் இடையிடையே இளைப்பாறிக்கொண்டு ஏறிவிடலாம். குரங்குகளுக்கு மட்டும் அஞ்சவேண்டும். கையில் பழமோ பையோ தெரியக்கூடாது. உச்சியில், யோகபட்டம் அணிந்து அமர்ந்த கோலத்தில் நரசிம்மர் எழுந்தருளியிருக்கிறார். அங்கிருந்து நோக்கினால் ஊர் முழுவதும் உள்ளங்கையில் வைத்ததுபோல் தெரிகிறது. கீழே கல்யாணி, அதனைச் சுற்றி ஓட்டுக் கூரைகள், ஊரின் ஒரு புறத்தில், முற்றுப்பெறாமல் வானத்தை நோக்கி நிற்கும் நெடுந்தூண்களையுடைய ராயகோபுரம், அக்கா தங்கை என்னும் இரட்டைக் குளங்கள், அப்பால் பாறையும் புதரும், தொலைவில் வயல்களும். பேருந்துகள் வந்து சேராத அவ்வேளையில் காற்றின் ஒலியும் கோயில் மணியோசையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

இறங்கி வந்து வீதிகளில் நடந்தபோது, காலையில் இருட்டில் தெரியாத ஒன்று தெரிந்தது. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர்; வைரமுடிக்கு வந்து திறந்து, பெருக்கி, இரண்டு நாள் இருந்துவிட்டுப் பூட்டிச் செல்வார்கள் என்று பூக்காரப் பெண்மணி கன்னடத்தில் சொன்னார். தொள்ளாயிரம் ஆண்டு நின்றது என்பதனால் இனியும் தானே நிற்கும் என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்கு அந்தப் பூட்டுகளே சான்று.

அவ்வீதிகளில் ஒன்றில் கன்னடக் கவிஞர் பு. தி. நரசிம்மாச்சார் பிறந்த வீடு நினைவில்லமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பு.தி.ந. என்று கன்னடத்தார் அன்புடன் அழைக்கும் இவர், 1905ஆம் ஆண்டு மேல்கோட்டையில் பிறந்தவர். தாய்மொழி தமிழ். மைசூர் அரசின் படைத்துறை அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே கவிதைகளும் இசை நாடகங்களும் இயற்றினார். 1966ஆம் ஆண்டில் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றார்; 1998இல் காலமானார். பகலெல்லாம் கோப்புகளைப் புரட்டிவிட்டு மாலையில் கவிதை எழுதிய ஒருவருடைய வீட்டைப் பார்த்தபோது, கோப்புகளோடே காலம் கழிக்கும் எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்படுபவரும், 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்றவருமான மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும், கன்னட நாடகத்தைப் புதுவழியில் செலுத்திய டி. பி. கைலாசமும் தமிழ் பேசும் குடும்பங்களில் பிறந்தவர்களே.

தமிழுக்கும் இக்குடி கைம்மாறு செய்திருக்கிறது. பாரதியார் ஆசிரியப் பொறுப்பு வகித்த 'இந்தியா' வாரப் பத்திரிகை, 1906ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கி, 1908இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. அதனை நடத்துவதில் பெரும் பங்கு கொண்டவர்கள் மண்டயம் குடும்பத்தினரான திருமலாச்சாரியாரும் சீனிவாசாச்சாரியாரும் ஆவர். மைசூர் நாட்டில் வேரூன்றிய குடியிலிருந்து வந்தவர்கள் தமிழ்க் கவிஞனுக்குத் துணை நின்றார்கள்; தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்தவர்கள் கன்னட இலக்கியத்தின் தூண்களாயினர். வீட்டில் ஒரு மொழியைக் காப்பவன் வெளியில் மற்றொரு மொழிக்குப் பகைவனாகவேண்டியதில்லை. நம் பிள்ளைகள் கன்னடத்தைப் பிழையறக் கற்கட்டும். அதனால் தமிழுக்கு எவ்விதக் குறையும் நேராது.

ஊர் திரும்புமுன் புளியோதரை உண்ணாமல் வரலாகாதன்றோ? இலையில் வாங்கி உண்டோம். இதிலும் ஒரு மொழிச் செய்தி இருக்கிறது. கன்னடத்தில் புளியை ஹுளி என்பர். பழைய சொற்களின் முதலில் நின்ற பகரம், பிற்காலக் கன்னடத்தில் ஹகரமாக மாறியது. பால் ஹாலு ஆனதும், பல் ஹல்லு ஆனதும் அவ்வாறே. ஆயினும் இவ்வுணவைக் கன்னடத்தார் பெரும்பாலும் புளியோகரே என்றே கூறுகின்றனர். நாவிலே பதிந்த பெயர் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை போலும்.

மேல்கோட்டையார் தமிழைக் காத்ததன் காரணத்தை வரும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். அவர்கள் தமிழ்ப்பற்று என்று சொல்லிக் கூட்டம் கூட்டவில்லை. நாள்தோறும் செய்தாகவேண்டிய ஒரு காரியம் அவர்களுக்கு இருந்தது; அதனைத் தமிழில் அன்றி வேறு மொழியில் செய்ய இயலாது. விடிந்தால் கோயிலில் பாசுரம் ஓதவேண்டும். ஓதுவதற்குக் குழந்தைகளைப் பழக்கவேண்டும். மொழி தானே உடன் வந்தது. எழுத்துப் போன பின்னும் ஒலி போகாததற்கு இதுவே காரணம். எங்கே ஒரு மொழி இல்லாமல் ஒரு வேலை நடவாதோ, அங்கே அம்மொழி நிற்கும். எல்லா வேலையும் வேறு மொழியில் நடந்துவிடுமாயின், எவ்வளவு பற்று இருந்தாலும் இரண்டு மூன்று தலைமுறைகளில் அது நழுவிவிடும்.

ரயில்வேயிலும் ஆலையிலும் கடையிலும் உழைக்கும் நமக்கு அத்தகைய கோயில் கடமை இல்லை. எல்லோருக்கும் ஒரே சமயமும் இல்லை. அவரவர் வீட்டுக்கேற்ற வேலை ஒன்றை நாமே ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். எங்கள் வீட்டில் செய்திருப்பதைக் கூறுகிறேன். மாதச் சாமான் பட்டியலைத் தமிழில் எழுதும் பொறுப்பு இப்போது என் மகளுடையது. அவள் தாயார் சொல்லச் சொல்ல அவள் எழுதவேண்டும். அவள் எழுதியதை வைத்துக்கொண்டுதான் நான் கடைக்குப் போவேன். முதல் மாதம் உளுந்து 'உலுந்து' ஆயிற்று. மிளகு 'மிலகு' ஆயிற்று. புளிக்கு மட்டும் எவ்விதப் பிழையும் நேரவில்லை. மூன்று மாதங்களில் பட்டியல் பெரும்பாலும் சரியாகிவிட்டது. இதற்கு ஆசிரியரும் வேண்டியதில்லை, சம்பளமும் வேண்டியதில்லை.

வேறு வீடுகளில் வேறு வழி காணலாம். ஊரிலிருக்கும் பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம் எழுதச் செய்யலாம். வீட்டுச் செலவுக் கணக்கைத் தமிழில் எழுதலாம். சமையற் குறிப்பைத் தாயார் சொல்லப் பிள்ளை எழுதி வைக்கலாம். இரவு உணவுக்குப் பின் பெரியவர்களுக்குச் சங்கப் பத்திரிகையில் ஒரு பக்கம் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லலாம். எதுவாயினும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அது வீட்டுக்கு உண்மையிலேயே பயன்படும் வேலையாக இருக்கவேண்டும். பிழை வரும்போது, சினம் கொள்ளாமல், 'அப்படி இல்லை' என்று சொல்லித் திருத்த ஒரு பெரியவர் அருகில் இருக்கவேண்டும்.

மேல்கோட்டைக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். மைசூரிலிருந்து நேராகப் பேருந்துகள் உண்டு. புகைவண்டியில் செல்வோர் பாண்டவபுரத்தில் இறங்கிப் பேருந்து ஏறலாம். வைரமுடி நாளில் கூட்டம் மிகுதி. மாண்டியா அரசுக் கருவூலத்திலிருந்து காவலுடன் வரும் அம்முடியைக் காண்பது பெரும்பேறே ஆயினும், அன்று ஊரைக் காண இயலாது. ஆகவே மார்கழியிலோ தையிலோ, முந்தின நாள் மாலையே சென்று தங்குங்கள். கம்பளியும் குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள். வெயில் ஏறுமுன் மலையேறி இறங்கிவிடுங்கள். முக்கியமாக, பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். கல்யாணிப் படியில் அமர்ந்து ஓதும் பெரியவர் யாரேனும் இருந்தால், அவருடன் சற்று நேரம் தமிழில் பேசச் செய்யுங்கள்.